தண்ணீர் வண்டியிலிருந்து இறக்கிய எண்ணெய்

நான் ராணுவப் பணிமனையில் வாகன மெக்கானிக். வயது நாற்பத்தொன்று. பணிமனைக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் மூன்றாவது வரிசை, கடைசி வீட்டில் மனைவியுடன் வசிக்கிறேன். இரண்டு மாதமாக என் தங்கையும் எங்களோடு இருக்கிறாள்.

சம்பவ நாளன்று மதியம் ஒன்றரை மணிக்கு முகாமிலிருந்து ஆம்புலன்ஸும் அதன் பின்னால் தண்ணீர் வண்டியும் புறப்பட்டன. ஆம்புலன்ஸில் குண்டு பட்ட இரண்டு சிப்பாய்களும் மருத்துவ உதவியாளரும் இருந்தார்கள். தண்ணீர் வண்டியை ஓட்டியவர் என் தங்கையின் கணவர். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எதிரியின் சுடுதூரத்துக்குள் இருந்த மலைப்பாதை வளைவு ஒன்றில் கல் அடித்து ஆம்புலன்ஸ் இன்ஜினின் எண்ணெய்த் தொட்டியில் சுண்டுவிரல் நுழையும் அளவு ஓட்டை விழுந்தது. ஓட்டுநர் உடனே அணைத்துவிட்டதால் இன்ஜின் பிழைத்தது. எண்ணெய் முழுவதும் சாலையில் போய்விட்டது. நான் அடியில் படுத்து, ஓட்டையின் விளிம்பைப் பெட்ரோல் துணியால் துடைத்து, பழைய டியூபில் வெட்டிய ரப்பர் வளையத்தை ஒரு திருகாணியில் மாட்டி உள்ளே முறுக்கி, சுற்றிலும் பசை அப்பினேன். அதன் பிறகு ஊற்ற எண்ணெய் இல்லை. கட்டி இழுக்கக் கயிறும் இல்லை. தண்ணீர் வண்டியில் ஆளைப் படுக்கவைக்க இடமும் இல்லை. மருத்துவ உதவியாளர், "முக்கால் மணி நேரத்துல ஆஸ்பத்திரி சேரலைன்னா ரெண்டு பேருமே தாங்க மாட்டாங்க" என்றார்.

அதன் பிறகு மேலதிகாரியின் அனுமதி இல்லாமல் தண்ணீர் வண்டியின் இன்ஜின் எண்ணெயை ஒரு கேனில் இறக்கினேன். என் மாப்பிள்ளை, "இந்த வளைவுல என்னைத் தனியா விட்டுட்டுப் போறியா? நானும் வர்றேன் மச்சான்" என்றார்.

ஆம்புலன்ஸில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இருக்கை. நான், "இடம் இல்ல மாப்ள. அடைப்பு கழண்டா நான்தான் பாக்கணும். எண்ணெயோட ரெண்டு மணி நேரத்துல வந்துடறேன்" என்றேன். கேனைச் சிந்தாமல் தூக்கி வந்து அவரே ஊற்றினார்.

ஆம்புலன்ஸ் மூன்றே காலுக்கு ஆஸ்பத்திரி சேர்ந்தது. சிப்பாய்கள் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். எண்ணெயும் வேறு வண்டியும் கிடைத்து நான் திரும்பியபோது மணி ஐந்தே கால். தண்ணீர்த் தொட்டி துளைபட்டு ஒழுகிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தண்ணீர் வண்டிக்கு அடியில், நான் படுத்து எண்ணெய் இறக்கிய இடத்தில், குண்டு பட்டு இறந்து கிடந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

விசாரணை அதிகாரி கேட்டதற்குச் சொல்கிறேன்: வழியில் நான்கு முறை நிறுத்தி அடைப்பைப் பார்த்தேன். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. நான் ஏறாமல் இருந்திருந்தாலும் வண்டி போய்ச் சேர்ந்திருக்கும். அந்த வளைவில் நிற்க எனக்கும் பயமாக இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அவரே "நீ போ மச்சான், நான் பாத்துக்கறேன்" என்று என்னை அனுப்பிவைத்ததாகத் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நடந்தது இதுதான், திருத்த எதுவும் இல்லை. இறந்தவரின் மனைவி என்ற முறையில் இதன் ஒரு பிரதி என் தங்கைக்குக் கொடுக்கப்படும் என்பதைத் தெரிந்துகொண்டே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)