ஐஸ் பெட்டிக்காரரின் பேட்டரி

விளக்கு வைக்கிற நேரம். குன்னத்தைத் தாண்டி ஆலத்தியூர் போகிற ரோடு. ஒரே ஒரு பிக்கப் வண்டி போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், இலையெல்லாம் சிமெண்டுத் தூசி. எதிரே ஒரு லாரிகூட வரவில்லை... அந்த ரோட்டில் லாரி வராமல் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

வினோதினி, இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார். அந்த விளக்கையும் யாராவது அணையுங்கள், பேட்டரி வீணாகிறது. கதை கேட்பதற்கு நெருப்பு வெளிச்சம் போதும்.

வண்டியை ஓட்டியது மாயவன். என் நண்பன் அறிவுச்செல்வனின் தங்கை பிரவீணாவைக் கட்டியவன். வாரநாளில் சின்ன வெங்காயம் ஏற்றுவான். சனி, ஞாயிறு உங்களை மாதிரி ஊர்சுற்றிகளை இதே காரைப் பள்ளத்துக்குக் கூட்டிவந்து கூடாரம் போட்டுக் கொடுப்பான். நல்ல மனிதன். ஒரே ஒரு வியாதி... எங்கிருந்து கிளம்பினாலும் ‘போயிட்டு வரேன்’ சொல்லாமல் கிளம்ப மாட்டான். பெட்ரோல் பங்கில் சொல்வான். டீக்கடையில் சொல்வான். தெருநாய்க்குக்கூடச் சொல்வான். பிரவீணா அதை வைத்தே அவனை ஓட்டுவாள்.

ஒருமுறை வந்தவர்கள் ராத்திரி பூரா விளக்கும் ஃபேனும் போட்டு, போனுக்கெல்லாம் சார்ஜ் ஏற்றி, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். மாயவனுக்கு மானம் போய்விட்டது. அதனால்தான் இரண்டாவது பேட்டரி போட முடிவு செய்தான். பெரம்பலூரில் கலைமணி என்று ஒரு வண்டி எலக்ட்ரீஷியன். அவன்தான் விளக்கினான்.

“ஒண்ணு இன்ஜினுக்கு, இன்னொண்ணு கேம்புக்குண்ணே. நடுவுல ஒரு ரிலே. வண்டி ஓடுறப்ப ரெண்டும் சார்ஜ் ஏறும். சாவிய ஆஃப் பண்ணிட்டா தனித்தனியாப் பிரிஞ்சுடும். அது செத்தாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது.”

புதுசு வேண்டாம், சாமிதுரையிடம் ஒன்று நல்ல நிலையில் சும்மா கிடக்கிறது என்றும் அவனே சொன்னான். சாமிதுரை, சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர். கரண்ட் போனால் பெட்டி நிற்கக் கூடாது என்று வைத்திருந்த பேட்டரி அது. இப்போது ஜெனரேட்டர் வாங்கிவிட்டார். “ஆலத்தியூர் பக்கம் ஒரு வூட்டுல இருக்கேன், வந்து எடுத்துக்க” என்று போனில் சொல்லிவிட்டார்.

அங்கேதான் மாயவன் போய்க்கொண்டிருந்தான்.

ஊர்ப் பெயரை நான் சொல்ல மாட்டேன். ஒதுக்குப்புறமான வீடு. கூடத்தில் பெட்டி. உள்ளே சின்னம்மாள் என்கிற அம்மா. ஒரே மகன் வெளிநாட்டில். போயிட்டு வரேம்மா என்று சொல்லிவிட்டுப் போனவன், வருஷக்கணக்காக வரவில்லை. முகம் பார்க்கவாவது வருவான் என்று பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். பெட்டி ‘ம்ம்ம்ம்’ என்று ஓடிக்கொண்டிருந்தது. ரோஜா மாலை வாடிய வாசம்... ஊதுபத்தி... அதற்கு அடியில் இன்னொன்று.

பெட்டியோடு சும்மா மாட்டியே கிடந்த வயரைச் சாமிதுரை கழற்றிப் பேட்டரியைத் தூக்கிக் கொடுத்தார். மாயவன் வாங்கித் தோளில் வைத்தான். வாசல் வரைக்கும் போனான். திரும்பினான்.

“போயிட்டு வரேம்மா.”

சாவு வீட்டில்... யாராவது அப்படிச் சொல்வார்களா? சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும், பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்று. அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பெட்டியும்... ‘டக்’ என்று நின்றது.

பிறகு தானாக ஓட ஆரம்பித்தது.

கலைமணி மறுநாள் பேட்டரியைப் பின்பக்கம் கட்டி, ரிலே வைத்து, விளக்கும் ஃபேனும் மாட்டிக் கொடுத்தான். ஆட்களைக் கூட்டிவரும் முன் நாமே ஒரு ராத்திரி இருந்து பார்க்கலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் இங்கே வந்தார்கள். அதோ, அந்த மேட்டுக்குப் பின்னால். சித்திரை வெயில் காய்ச்சின மண், ராத்திரியும் கொதிக்கும். வண்டியின் பின்னால் மெத்தை போட்டு, ஃபேனைப் போட்டுப் படுத்தார்கள்.

நடு ராத்திரியில் பிரவீணாவுக்குக் குளிரெடுத்து விழிப்பு வந்தது. ஃபேனை நிறுத்தினாள். விளக்கு சுவிட்சும் ஆஃப்.

ம்ம்ம்ம்...

சத்தம் நிற்கவில்லை. கையை ஊன்றினாள். வண்டித் தகரம் நனைந்திருந்தது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாத்திரம் மாதிரி. எத்தனை கழுவினாலும் போகாத வெங்காய வாடை அந்த வண்டியில் இல்லை. ரோஜா மாலை வாசம்தான் வந்தது. செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள்.

மாயவன் எப்போதும் சுருண்டு படுப்பவன். அன்றைக்கு நேராக, கை இரண்டையும் உடம்போடு ஒட்டி வைத்து மல்லாந்து கிடந்தான். கால் கட்டைவிரல் இரண்டும்... சேர்த்துக் கட்டின மாதிரி ஒட்டியிருந்தன. கட்டு இல்லை. ஆனால் அவள் இழுத்தும் பிரியவில்லை.

“ஏங்க... ஏங்க...”

ரொம்ப நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தான்.

“கூப்பிட்டாங்களா?”

“யாருங்க?”

“அந்தம்மா. வரேன்னு சொல்லிட்டு வந்தேன்ல.”

விடிந்ததும் விடியாததுமாக நேராகக் கலைமணி கடை. அவன் மீட்டரை வைத்துப் பார்த்தான். மறுபடி பார்த்தான். “அண்ணே, இதுல ஒண்ணுமே இல்லண்ணே. சார்ஜே நிக்கல. ஒரு பல்பு கூட எரியாது” என்றான்.

“பாதி ராத்திரி வரைக்கும் ஃபேன் ஓடுச்சே” என்றாள் பிரவீணா.

கலைமணி வயரைக் கழற்றினான். பேட்டரியைக் கடை மூலையில், பழையதுகளோடு போட்டான். வெள்ளிக்கிழமை பிரவீணா சிறுவாச்சூர் போய்க் காளியம்மனிடம் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து வண்டியில் கட்டினாள். சாமிதுரைக்கும் போன் செய்தாள். அவர் சொன்னார்: “மவன் வரவே இல்லம்மா. காத்துப் பாத்துட்டு எடுத்துட்டாங்க. வூட்டப் பூட்டியாச்சு.”

வீட்டிலும் மாயவன் நேராகத்தான் படுத்தான். பாவம் அந்தப் பெண்... ஒவ்வொரு ராத்திரியும் அவன் கால்கள் சேராமல் இருக்க நடுவில் ஒரு தலையணை வைத்தாள். காலையில் தலையணை சுவரோரம் கிடக்கும். கட்டைவிரல்கள் ஒட்டியிருக்கும். தன் புருஷனை யாரோ கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறார்கள் என்று அண்ணனிடம் சொல்லி அழுதாள். அறிவுச்செல்வன் அவளைச் சமாதானப்படுத்தினான். அதற்காக இன்றைக்கும் தன்னையே திட்டிக்கொள்கிறான்.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் அரியலூருக்கு வெங்காய லோடு என்று மாயவன் கிளம்பினான். லோடு போய்ச் சேரவில்லை. மறுநாள் அறிவுச்செல்வனுக்குச் சட்டென்று தோன்றி, சின்னம்மாள் ஊருக்கு வண்டியை விட்டான்.

பிக்கப் அந்த வீட்டு வாசலில் நின்றது. சாவி வண்டியிலேயே இருந்தது. வெங்காய மூட்டைகள் அப்படியே. பின்பக்கம் கேம்ப் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பேட்டரி பழைய இடத்திலேயே இருந்தது. சிவப்பு வயர் சிவப்பில், கறுப்பு வயர் கறுப்பில். தான் கொடுக்கவே இல்லை என்று கலைமணி பிள்ளைகள் மேல் சத்தியம் செய்கிறான்.

வாசற்படிக்குக் கீழே மாயவன் செருப்பு. வீட்டுக்குள் நுழைகிறவன் கழற்றி வைப்பது போல ஒழுங்காக, ஜோடியாக. கதவில் பூட்டு. பூட்டின் மேல் தூசி கலையவில்லை. அறிவுச்செல்வன் கதவில் காதை வைத்தான். கரண்ட் கனெக்‌ஷனை எப்போதோ எடுத்துவிட்ட வீடு அது.

ம்ம்ம்ம்...

ஊர்க்காரர்கள் பூட்டை உடைத்தார்கள். சத்தம் நின்றது. உள்ளே யாரும் இல்லை. கூடத்துத் தரையில் மட்டும் நீளவாக்கில் ஓர் ஈரம், ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு. அந்த வெயிலிலும் அது சாயங்காலம் வரைக்கும் காயவில்லை. மாயவனை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை.

அவ்வளவுதான். ஆனால் பிரவீணா ஒரு விஷயத்தைப் பல நாள் கழித்துத்தான் அண்ணனிடம் சொன்னாள். அன்று அவள் அடுப்படியில் இருந்தாள். கிளம்பும்போது அவன் வாசலில் நின்று சொன்னது காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகுதான் உறைத்தது. கரண்டியோடு ஓடினாள். வண்டி போய்விட்டது.

நாய்க்குக்கூடப் போயிட்டு வரேன் சொல்கிற மனிதன் அவன்.

அன்றைக்கு அவளிடம், “போறேன் பிரவீணா” என்று சொல்லியிருக்கிறான்.