அரை இன்ச் ஸ்பேனர்

மாப்பிள்ளை: ...இந்தப் பக்கத்துலயும் போடுங்க மச்சான். கீழ, வலது ஓரத்துல.

அண்ணன்: கை வலிக்குது. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. உங்க மண்டைய உடைக்கக்கூட இவ்வளவு நேரம் ஆகியிருக்காது.

மாப்பிள்ளை: மெதுவா பேசுங்க. வக்கீல் உள்ளதான் இருக்கார்.

அண்ணன்: அவருக்குத் தெரியாததா? நாலு வருஷமா அதுக்குத்தானே கேஸ் நடத்துறாரு... எங்க என் தங்கச்சி?

மாப்பிள்ளை: கீழ ஜெராக்ஸ் கடையில. சாட்சிக் கையெழுத்து போடணும்ல, அதுக்கு அடையாள அட்டை கேட்டாரு.

அண்ணன்: படியில எதிர்ல வந்தா. சுவத்தைப் பார்த்துக்கிட்டே இறங்கிப் போயிட்டா.

மாப்பிள்ளை: விடுங்க. இன்னிக்கு எல்லாம் முடிஞ்சிடும்.

அண்ணன்: கேஸு முடியும். அவ பேசுவாளா?

மாப்பிள்ளை: முதல்ல உங்க வேலை. பஸ் பணிமனை வேலை ஆர்டர்ல என்ன சொல்றான்?

அண்ணன்: முப்பதாம் தேதிக்குள்ள சேரணுமாம். கேஸ் நிலுவையில இருந்தா வாசலோட அனுப்பிடுவான். வயசு வரம்பு இந்த வருஷத்தோட சரி. இதை விட்டா ஆயுசுக்கும் அந்த ஓட்டைப் பட்டறைதான்... படிங்க, மேல படிங்க.

மாப்பிள்ளை: 'புகார்தாரரும் எதிரியும் நெருங்கிய உறவினர்கள். பெரியோர் முன்னிலையில் பேசி, எவருடைய வற்புறுத்தலும் இன்றிச் சமாதானமாகிவிட்டனர். இவ்வழக்கை மேற்கொண்டு நடத்த புகார்தாரருக்கு விருப்பமில்லை. ஆகவே வழக்கை ரத்து செய்ய...'

அண்ணன்: பெரியோர் யாரு?

மாப்பிள்ளை: யாரும் இல்ல. எல்லா மனுவுலயும் போடுறதாம்.

அண்ணன்: நாம போன்ல பேசினதே மூணு நிமிஷம்.

மாப்பிள்ளை: அதுல ரெண்டு நிமிஷம் நீங்க இருமினீங்க.

அண்ணன்: சமாதானத்துக்குப் போன் பண்றவனுக்குத் தொண்டை அடைக்காதா? சரி, அப்புறம்?

மாப்பிள்ளை: 'வழக்குப் பொருளாகக் கோர்ட்டில் உள்ள அரை இன்ச் இரும்பு ஸ்பேனர் ஒன்றை எதிரியிடமே திருப்பித் தர...'

அண்ணன்: இருங்க, இருங்க. என்ன சைஸு?

மாப்பிள்ளை: அரை இன்ச்.

அண்ணன்: இன்ச்சா?

மாப்பிள்ளை: அப்படித்தான் போட்டிருக்கு. கையெழுத்துப் போடுங்க.

அண்ணன்: என் பட்டறையில அத்தனையும் மில்லிமீட்டரு மாப்பிள்ளை. இன்ச் ஸ்பேனரை வெச்சு நான் என்ன, காது குடையவா?

மாப்பிள்ளை: டைப் அடிக்கும்போது தப்பாயிருக்கும்...

அண்ணன்: அன்னிக்கு பட்டறையிலேர்ந்து வந்தப்போ என் கையில இருந்தது பதினாலு மில்லி ஸ்பேனரு. அது இன்னிக்கும் ஆணியில தொங்குது. போலீஸ்காரன் பட்டறைக்கு வந்து வேற எதையோ எடுத்துட்டுப் போயிருப்பான்னு இருந்தேன். இது எங்கேர்ந்து வந்துச்சு?

மாப்பிள்ளை: பேனா இந்தாங்க, முதல்ல கையெழுத்தைப் போடுங்க.

அண்ணன்: மாப்பிள்ளை, உங்களைத்தான் கேக்குறேன்.

மாப்பிள்ளை: பழைய இரும்புக் கடையில வாங்கினேன்.

அண்ணன்: நீங்களா?

மாப்பிள்ளை: தலையில கட்டோட போய். எதால அடிச்சான், எடுத்துட்டு வான்னு ஏட்டு வாசல்ல நின்னாரு. நீங்க மெக்கானிக்கு. ஸ்பேனர்னா நம்புவாங்க. அதுல இன்ச்சு, மில்லின்னு ரெண்டு ஜாதி இருக்குறது எனக்கு எப்படித் தெரியும்?

அண்ணன்: அப்போ... உங்களை அடிச்சது ஸ்பேனர் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்.

மாப்பிள்ளை: நீங்க எனக்கு முன்னாடி நின்னு கத்திட்டு இருந்தீங்க மச்சான். அடி விழுந்தது பின்மண்டையில. விழுந்து கிடக்குறேன், கண்ணு முன்னாடி குக்கர் மூடி சுத்திக்கிட்டு நிக்குது.

அண்ணன்: அடப்பாவி மனுஷா... தெரிஞ்சேவா என் பேரைச் சொன்னீங்க?

மாப்பிள்ளை: டாக்டர் யார் அடிச்சதுன்னு கேக்குறாரு. அவ ஏழு மாச வயித்தோட பக்கத்துல நிக்குறா. வாயில வந்தது உங்க பேரு. நீங்க இல்லைன்னு சொல்லுவீங்க, சாட்சியும் கிடையாது, தானா அடங்கிடும்னு நினைச்சேன். நீங்க என்னடான்னா ஸ்டேஷனுக்கு நேரா போய், 'ஆமாங்கய்யா, நான்தான்'னு...

அண்ணன்: பின்ன என்ன செய்ய? நான் இல்லைன்னா அடுத்து யாரைக் கேப்பான்? அந்த சமையக்கட்டுல இருந்ததே மூணு பேரு.

மாப்பிள்ளை: இதை அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

அண்ணன்: நீங்க நிஜமாவே என்னைச் சந்தேகப்படுறீங்க, அவ தப்பிச்சாளேன்னு இருந்தேன். பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு நீங்க டாக்டர்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?

மாப்பிள்ளை: அது மறுநாள்தான் தோணுச்சு.

அண்ணன்: நல்லா தோணுச்சு. முப்பத்தெட்டு வாய்தா.

மாப்பிள்ளை: எனக்கும் முப்பத்தெட்டுதான். ஒவ்வொரு தடவையும் கூண்டுல உங்களைப் பார்க்க எனக்கு மட்டும் நல்லாவா இருந்துச்சு?

அண்ணன்: எல்லாம் எதுக்கு... பிள்ளை பிறந்தப்புறம் அவ வேலைக்குத் திரும்பிப் போறதா வேண்டாமான்னு ஒரு சண்டை. நீங்க கூடாதுன்னீங்க.

மாப்பிள்ளை: நீங்கதான் கூடாதுன்னீங்க.

அண்ணன்: நான் ஒரு வருஷம் போகட்டும்னேன்.

மாப்பிள்ளை: நானும் அதைத்தான் சொன்னேன்.

அண்ணன்: ...அவளுக்கு இது தெரியுமா?

மாப்பிள்ளை: தெரியாது. மூடியை எறிஞ்சதும் விறுவிறுன்னு வாசலுக்குப் போயிட்டா. அது எங்கயோ விழுந்துச்சு, அடிச்சது நீங்கன்னு நம்பிக்கிட்டு இருக்கா. அந்தக் கோபம்தான், உங்ககூட பேசறதில்ல.

அண்ணன்: அந்த மூடியைக் கழுவி, நெளிவைத் தட்டி எடுத்து, குக்கர் மேல வெச்சதே நான்தான்.

மாப்பிள்ளை: பார்த்தேன். நல்லா தட்டியிருந்தீங்க. விசில்கூட ஒழுங்கா வந்துச்சு.

அண்ணன்: இப்படியே இருக்கட்டும். அவகிட்ட மூச்சு விடாதீங்க.

மாப்பிள்ளை: விடுவேனா? தெரிஞ்சா நேரா வக்கீல்கிட்ட போய் எல்லாத்தையும் கக்கிடுவா. மனுவும் போச்சு, உங்க ஆர்டரும் போச்சு.

அண்ணன்: ஆர்டர் கிடக்குது. அவ தாங்க மாட்டா. நான் அவ கண்ணுக்கு ரவுடியாவே இருந்துட்டுப் போறேன்... கஷ்டமாத்தான் இருக்கு. கூடப் பிறந்தவ இல்லையா.

மாப்பிள்ளை: சும்மா இருங்க. வர்றா.

தங்கை: ஜெராக்ஸ், ரெண்டு காப்பி. நான் எங்க போடணும்?

மாப்பிள்ளை: இங்க. படிச்சிட்டுப் போடு.

தங்கை: 'மேற்கண்ட யாவும் உண்மை என நான் அறிவேன்'... யாவுமா?

அண்ணன்: அது... வழக்கமா எழுதுறதும்மா.

மாப்பிள்ளை: பார்த்தீங்களா மச்சான், உங்களைப் பார்த்துப் பேசிட்டா.

தங்கை: பேப்பரைப் பார்த்துதான் கேட்டேன். போட்டாச்சு. அண்ணா, அந்த ஸ்பேனர் பக்கத்துல உங்க கையெழுத்து பாக்கி இருக்கு.

அண்ணன்: அண்ணாவா... குடு, குடு. இதோ.

தங்கை: நானே உள்ள குடுத்துட்டு வரேன். நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க.

மாப்பிள்ளை: முகத்தைத் துடைங்க மச்சான். பார்த்தா கேப்பா.

அண்ணன்: தூசு.

தங்கை: வாங்கிட்டாரு. மதியமே தாக்கல் பண்ணிடுவாராம். அடுத்த வாரம் உத்தரவு வந்துடும், ஆர்டருக்கு பயமில்லைன்னாரு.

அண்ணன்: அப்போ... இனிமேலாவது என்மேல இருக்குற கோபம் போகுமாம்மா?

தங்கை: கோபமா? என் வேலையைப் பத்தி என்னை ஒரு வார்த்தை கேக்காம நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருந்தீங்க, யார் மேல பட்டாலும் சரின்னுதான் எறிஞ்சேன். பட்டதைப் பார்த்துட்டுத்தான் அண்ணா வாசலுக்கு ஓடினேன். இவரு உங்க பேரைச் சொன்னாரு, நீங்களும் பழியை ஏத்துக்கிட்டீங்க, பிள்ளையை ஜெயில்ல பெத்துடுவேனோன்னு பயந்து நானும் இருந்துட்டேன். உங்க முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பேன்... அதான் நாலு வருஷமா பார்க்கல.