தண்டவாளத்தின் ருசி

சார், உங்கள் மேசையில் எனக்காக வைத்திருக்கிற டம்ளரின் விளிம்பில் யாரோ குடித்த தடம் இருக்கிறது. நான் தண்ணீர் குடிக்கவில்லை என்றால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாகமும் இல்லை.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றதும் நீங்கள் சம்மதித்தது நல்லதாயிற்று. வாயால் சொன்னால் எனக்கு முன்பின்னாகிவிடும். பகலில் நூல் கடையில் வேலை, மாலையில் வயர்மேன் வகுப்பு, வகுப்பு விட்டு வந்ததும் டைரி. எழுதியதைத் திரும்பப் படிப்பேன். நடந்தது இதுதானா, இல்லை எனக்கு வசதியாக எழுதிக்கொண்டேனா என்று சந்தேகம் வரும். அடித்துவிட்டு மறுபடி எழுதுவேன். இதிலும் சில இடங்களில் அடித்திருக்கிறேன். அடித்ததையும் படித்துக்கொள்ளுங்கள்.

நான் வந்தது சாதிக் பாய்க்காக. அவர் வீட்டு மாடியில் செல்லச்சாமி அண்ணாச்சி ஷாக் அடித்து இறந்துபோனார். பழுதான வயரிங்கைக் கவனிக்காமல் விட்டதால் வந்த சாவு என்று பாய் மேல் வழக்குப் போட்டிருக்கிறீர்கள். ஷார்ஜாவில் கிடைத்த புது வேலையில் போய்ச் சேர வேண்டியவர், பாஸ்போர்ட் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். அந்த வயரிங்கில் ஒரு பழுதும் இல்லை. நான் அதைப் பலமுறை சோதித்திருக்கிறேன். சரியாக இருக்கிற வேலையைப் பழுது என்று எழுதியிருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

எங்களைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நாங்கள் நான்கு பேர் பொம்மை ரயில் சேர்க்கிறவர்கள். பொம்மை என்றால் பாய்க்குப் பிடிக்காது, மாடல் என்பார். நிஜ ரயிலை அப்படியே சுருக்கிச் செய்த இன்ஜின்கள், பெட்டிகள், சிக்னல்கள். எங்கள் வாட்ஸப் குழுவுக்குச் சங்கரன்கோவில் ஜங்ஷன் என்று பெயர். நம் ஊர் ஸ்டேஷன் ஜங்ஷன் இல்லை. பெயர் வைத்தது பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் மூக்காண்டி. ரயில்வே தராததை நாமளே எடுத்துக்கிடுவோம் என்றார்.

பாய் தன் வீட்டு மாடி ஹாலில் பெரிய மேசை போட்டு அதில் தண்டவாளம் பதித்திருந்தார். தெர்மாகோலில் மலை, மஞ்சள் பெயர்ப்பலகையுடன் ஒரு ஸ்டேஷன், மூன்று வேப்பமரங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே கூடுவோம். அவரவர் புதிதாக வாங்கியதைப் பிரிக்காமல் பெட்டியோடு கொண்டுவர வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் பிரிப்பார், மூத்தவர் கடைசியில். அது எங்கள் சட்டம். எங்கே வாங்கினது, எப்படிக் கண்டுபிடித்தது என்று ஒவ்வொருவரும் சொல்லுவார்கள். பெண் பார்க்க வந்தவர்களைப்போல எல்லோரும் குனிந்து பார்ப்போம். பிறகு அது ஒரு சுற்று ஓடும். அந்தச் சுற்று முடியும்வரை யாரும் பேசுவதில்லை. என் வாழ்க்கையில் நான் சந்தேகப்படாத நேரம் என்று ஏதாவது இருந்தால் அது அந்த ஒரு சுற்றுதான்.

செல்லச்சாமி அண்ணாச்சி ஒரு பேங்கில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். நோட்டு எண்ண எச்சில் தொட்டுத் தொட்டு, எதைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் விரலை நாக்குக்குக் கொண்டுபோவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. காலண்டர் தாள், பிளாஸ்டிக் பை, அடுத்தவர் இன்ஜின், எதுவானாலும். வெற்றிலை போடுவார். விரல் வாயிலிருந்து வரும்போது சிவப்பாக ஒரு நூல் கூடவே வந்து, இழுபட்டு, அறுந்து, மோவாயில் ஒட்டிக்கொள்ளும். அதை அவர் துடைத்து நான் பார்த்ததில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ஓட்டம் தொடங்கும் முன் தண்டவாளத்தில் கரண்டு வருகிறதா என்று பார்க்கிற வேலை மூத்தவர் என்ற முறையில் அவருடையது. அதற்கு அவர் நாக்கை வைப்பார். பன்னிரண்டு வோல்ட்தான், ஒன்றும் செய்யாது. டார்ச் பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் ஊரில் பலருக்கும் உண்டு. ஆனால் அவர் செய்தது அப்படி அல்ல. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து, இரண்டு தண்டவாளத்தின் மேலும் படும்படி நாக்கை அகலமாக விரித்துப் பதித்து, கண்ணை மூடிக்கொள்வார்.

“புளியங்கொட்டையச் சப்புன மாதிரி இருக்கு. விடு வே வண்டிய” என்பார்.

அண்ணாச்சி எச்சில் படாமல் எந்த வண்டியும் ஸ்டேஷன் தாண்டாது என்று மூக்காண்டி சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். டைரியில் அன்றைக்கெல்லாம் ‘சிரித்தேன்’ என்று எழுதி, அதன் கீழே கோடு போட்டிருக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் தண்டவாளத்தைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. யாரும் தரவில்லை, நானாக எடுத்துக்கொண்டது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைப்பேன். அவர் நாக்கு பட்ட இடத்தில் பஞ்சு பழுப்பாக வரும். கீழே எல்லோரும் பிரியாணி சாப்பிட்டு வந்த ஒரு நாள், இணைப்பு இடுக்கிலிருந்து ஒரு சோற்றுப்பருக்கை வந்தது. பாதி மென்றது. அதை ஓர் ஊசியால் எடுத்தேன். வீட்டுக்கு வந்து குளித்தேன். நூல் கடையில் அடுத்த வாரம் முழுக்க, நூலைத் தொட்டாலும் அந்தப் பருக்கை விரல் நுனியில் இருந்தது.

போன தை மாதம் நான் ஒரு நீல டீசல் இன்ஜின் வாங்கினேன். வெகுநாள் தேடி, சேலத்தில் ஒருவரிடமிருந்து. பக்கவாட்டில் எண் இல்லாமல் வந்தது. மெல்லிய தூரிகையால் நானே எழுதினேன். என் முறை வந்து பிரித்து மேசையில் வைத்தேன். பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். எழுதினது கையாலா, அச்சா என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் இன்னமும் வைத்திருக்கிறேன். அப்போது செல்லச்சாமி அண்ணாச்சி, “இங்கன கொண்டா, தூசியா இருக்கு பாரு” என்று சொல்லி, கட்டைவிரலை நக்கி, எண்ணின் மேல் தேய்த்தார். கடைசி இரண்டு இலக்கங்கள் அவர் விரலோடு போயின. விரலைப் பார்த்தார். அதை மறுபடி வாயில் வைத்துச் சுத்தம் செய்துகொண்டார்.

அவர் மன்னிப்புக் கேட்டார் என்பதையும் எழுத வேண்டும். “போயிட்டே தம்பி, திரும்ப எழுதிக்கிடலாம்லா” என்று என் கன்னத்தைத் தட்டினார். அதே கை.

எண் அழிந்ததற்காக நான் எதையும் செய்யவில்லை. எண்ணைத் திரும்ப எழுதிக்கொண்டேன், முன்னைவிட நன்றாகவே வந்தது. என் கன்னம்தான் சரியாகவில்லை.

ஆவணி மாதக் கூட்டத்துக்கு எல்லோரும் புதுச் சாமான் கொண்டுவந்திருந்தார்கள். மூக்காண்டி ஒரு சிக்னல் கம்பம், பாய் இரண்டு சரக்குப் பெட்டிகள். செல்லச்சாமி அண்ணாச்சி கையடக்கமாக ஒரு அட்டைப்பெட்டி. என்ன அது என்று மூக்காண்டி எவ்வளவோ நோண்டினார். முறை வரும்போது பார்த்துக்கிடும் என்று அண்ணாச்சி அதை மடியிலேயே வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நான் சீக்கிரமே வந்திருந்தேன். வயரிங் படிக்கிறவன் என்பதால் மேசைக்கு அடியில் இருக்கிற இணைப்பெல்லாம் என் கையில். எதை எங்கே மாற்றினேன் என்பதைத் தனித் தாளில் வரைந்து தருகிறேன். தண்டவாளத்துக்கு வர வேண்டிய சின்னக் கரண்டுக்குப் பதிலாக வீட்டுக் கரண்டு வந்தது என்று மட்டும் இங்கே எழுதினால் போதும். சுவிட்ச் போடுவதும் என் வேலைதான்.

அவர் குனிந்தார். நாக்கைப் பதித்தார். கண்ணை மூடினார். “போடு வே” என்று அவரால் சொல்ல முடியாது, நாக்கு தண்டவாளத்தில் இருக்கிறது. அதனால் வழக்கம்போலச் சுட்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் போட்டேன்.

சத்தம் எதுவும் வரவில்லை. ஸ்டேஷன் சரிந்தது. ஒரு வேப்பமரம் அவர் தோளில் ஒட்டிக்கொண்டு கூடவே கீழே விழுந்தது. பாய் மெயினை அணைக்கச் சொன்னார், அணைத்தேன். அவர்கள் இரண்டு பேரும் அவரைப் புரட்டிப் படுக்கவைத்துச் சட்டையைத் தளர்த்தும்போது, நான் மேசைக்கு அடியில் போய் எல்லாவற்றையும் பழையபடி மாட்டினேன். தண்டவாளத்தையும் துடைத்தேன். அதைச் செய்திருக்க வேண்டிய அவசியமில்லை. பழக்கம்.

நான் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது அவருக்கு உயிர் இருந்தது. இது மூக்காண்டிக்கும் பாய்க்கும் தெரியாது. கழுத்தில் கை வைத்துப் பார்த்த எனக்குத் தெரியும். துடிப்பு இருந்தது, மூச்சுத்தான் இல்லை. ஷாக் அடித்தவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் வகுப்பில் ஒரு ரப்பர் பொம்மையைப் படுக்கவைத்துச் சொல்லித்தந்திருக்கிறார்கள். மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். நான்தான் வகுப்பில் நன்றாகச் செய்தவன். பொம்மையின் வாயை நானே கழுவிவிட்டுச் செய்தேன்.

“நீ படிச்சிருக்கேல்லா தம்பி, ஊது. உனக்குப் புண்ணியமாப் போவும், ஊது” என்றார் பாய்.

குனிந்தேன். அந்த வாய் திறந்திருந்தது. உள்ளே வெற்றிலைச் சக்கை இருந்தது. நாக்கில் குறுக்காக இரண்டு கோடுகள். கைக்குட்டையை எடுத்து அதன் மேல் விரித்தேன். அதற்குப் பிறகும் முடியவில்லை. அதனால் முகத்தைக் கிட்டே கொண்டுபோய், என் வாயை மூடிக்கொண்டு, ஊதுகிறவன் மாதிரி தலையை மேலும் கீழும் அசைத்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே அசைத்துக்கொண்டிருந்தேன். மூக்காண்டி என் முதுகைத் தடவிக்கொடுத்தார். எல்லாம் முடிந்ததும் பாய் என்னைக் கட்டிக்கொண்டு, உன்னால் ஆனதைச் செய்துவிட்டாய், அல்லா பார்த்துக்கொண்டிருந்தான் என்று அழுதார்.

‘அவருக்கு ஒரு பாடமாக இருக்கட்டும், நாக்கைக் கொஞ்சம் சுட்டால் பழக்கம் போய்விடும் என்றுதான் செய்தேன்’ என்று முதலில் இங்கே எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு அடித்திருக்கிறேன். டைரியிலும் அப்படித்தான் இருக்கிறது, அதையும் அடிக்க வேண்டும். காரணம், கூட்டத்துக்கு முந்தின வாரம் நான் கறிக்கடைக்குப் போனேன். நான் கறி சாப்பிடுகிறவன் இல்லை. அந்தக் கடைப்பக்கம் போனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறவன். ஆட்டு நாக்கு ஒன்று வேண்டும் என்றேன். வறுவலுக்கா, குழம்புக்கா என்று கடைக்காரர் கேட்டார், குழம்புக்கு என்றேன். வீட்டில் ஒரு துண்டுத் தண்டவாளத்தில் அதை வைத்து, கரண்டு கொடுத்துப் பார்த்தேன். அது சுருண்டது. ஓரம் வெளுத்து, நுரை தள்ளி, பிறகு புகைந்தது. வீட்டில் கருகின வாடை மூன்று நாள் இருந்தது. வாந்தி எடுத்தேன், வாயைக் கொப்பளித்தேன், சரியாக வேலை செய்கிறது என்று டைரியில் குறித்துக்கொண்டேன். அதைப் பார்த்த பிறகும் பாடம் என்று எழுதுவது சரியில்லை. கொல்லத்தான் செய்தேன்.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. எழுதலாமா, வேண்டாமா என்று யோசித்தேன்.

ஜாமீனில் வந்த மறுநாள் பாய் என்னை வரச்சொல்லி, அந்த அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்தார். அண்ணாச்சியின் மனைவி பேச்சியம்மா, இது உங்கள் சாமான், எனக்கு எதற்கு என்று அனுப்பிவிட்டாராம். பாய்க்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். அண்ணாச்சிக்காகத் திருநெல்வேலியில் வாங்கிவந்தவரே அவர்தான்.

“இது உனக்குத்தான் தம்பி” என்றார். “அண்ணாச்சி எங்கிட்ட, நான் நாக்கு வைக்கது அந்தப் பயலுக்கு ஒப்பல பாய், மூஞ்சியே சொல்லுது, அவன் கையில ஒரு மீட்டரக் குடுத்துருவோம்னாரு. கடைசியா ஒரே ஒருக்க ருசி பாத்துட்டு விட்டுருதேன்னாரு.”

வீட்டுக்கு வந்து பிரித்தேன். கரண்டு பார்க்கிற மீட்டர். மஞ்சள் நிறம், நல்ல சாமான். ஒரு சதுர பேட்டரி தனியாகக் கூட இருந்தது. ஸ்பிரிட் போட்டு எல்லாவற்றையும் துடைத்தேன், அவர் கை பட்டிருக்கும். பேட்டரி வெகுநாள் கடையில் கிடந்ததுபோலத் தெரிந்தது. அதில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் வேறு மீட்டர் இல்லை. யோசிக்கவில்லை, சார். எடுத்து நாக்கில் வைத்தேன்.

புளியங்கொட்டை மாதிரிதான் இருக்கிறது. அவர் சொன்னது சரி. ஆனால் நான் முதலில் அதைத் துடைத்துவிட்டுத்தான் வைத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் இருக்கிற அந்த வித்தியாசத்தை மட்டும் தயவுசெய்து விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.