வீட்டுக்கு வந்த இளநி

தாராவி போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், மடியில் ஆஸ்பத்திரி ஃபைல் வைத்திருந்த ஒரு அம்மா, தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்த தெரிந்தவளிடம் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் வைரஸ் காய்ச்சல். வந்த இளநி பூரா நாந்தான் குடிச்சேன்."

"மதினி, நோயாளி அண்ணனா, நீங்களா?"

"அவருக்குத்தான் கிட்னி கெட்டிருக்கே, இளநி ஆகாதுல்லா. அதுல உள்ள பொட்டாசியம் நெஞ்சையே நிறுத்திரும்னு டாக்டர் சொல்லிருக்காரு. காய்ச்சல்னதும் நம்ம சந்துக்காரங்க ஆளுக்கு ரெண்டு கொண்டாந்துட்டாங்க. வேண்டாம்னா மனசு நோவுமே."

"காய்ச்சலே கிட்னியை இன்னும் கெடுக்கும்னு சொல்லுதாங்களே?"

"அதுக்குத்தான் பயந்து கெடந்தேன். டயாலிசிஸ்ல கொண்டு போய் விட்டுருமோன்னு தூக்கமே இல்ல. இன்னைக்கு ரத்தம் பாத்த ரிப்போர்ட்டு வந்துட்டு. கிட்னி காய்ச்சலுக்கு முன்னால இருந்த அளவுலயே நிக்கி."

என் பக்கத்தில் இருந்தவர் முன்னால் குனிந்தார். "ஒரு மடக்காவது தந்தாளான்னு கேளும்மா!" அவர்தான் வீட்டுக்காரர் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஒரு வாரமா இதே கோவம்," என்று அந்த அம்மா திரும்பிப் பார்க்காமலே சிரித்தாள். "கோவப்பட ஆளு இருக்காருல்லா, எனக்கு அது போதும்."