பெட்டிக்குத் தனி மதிப்பெண்

"அங்கிள், உள்ள இவருக்கு மூச்சு முட்டாதா?" என்று பிளஸ்ஸி ஒருமுறை கேட்டாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. என் பொம்மை அறையின் கண்ணாடி அலமாரி முன்னால் நின்று, பிரிக்காத பெட்டிக்குள் இருந்த ஒரு சூப்பர்ஹீரோவைப் பார்த்துக் கேட்டாள்.

"பொம்மைக்கு ஏதும்மா மூச்சு," என்றேன்.

"அப்புறம் எதுக்கு ஏசி போட்டு வெச்சிருக்கீங்க?"

வாசலில் நின்ற அவள் அப்பா ஜெபின் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். குழந்தைகள் கேட்பதற்கெல்லாம் கோபப்படக் கூடாது. ஏசி பொம்மைக்கு அல்ல, அட்டைக்கு என்பது அந்த வயதில் புரியாது.

நீங்கள் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் கேட்டீர்கள், சார். ஆனால் என் வேலை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ பதற்றத்தில் செய்ததுபோல் தோன்றும். நான் பதறுகிறவன் அல்ல.

என் பெயர் சத்தியநாதன். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகு, சேகரிப்பவர்களுக்காக வெளிநாட்டில் தயாராகும் சூப்பர்ஹீரோ பொம்மைகளை யூடியூபில் ரிவ்யூ செய்கிறேன். மூட்டுகள் எவ்வளவு மடங்குகின்றன, பெயின்ட் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறதா, ஒற்றைக் காலில் நிற்குமா, முகத்தில் இரக்கம் தெரிகிறதா என்று பார்த்து மதிப்பெண் கொடுப்பேன். பெட்டிக்குத் தனி மதிப்பெண். மற்ற ரிவ்யூக்காரர்கள் பெட்டியைக் கிழித்து ஓரமாகப் போட்டுவிட்டுப் பேசுவார்கள். நான் ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்குவேன். ஒன்று பிரிக்க, மற்றது பிரிக்காமல் வைக்க. பிரித்தது வெறும் பொம்மை. பிரிக்காததற்குத்தான் மரியாதை. ஒவ்வொரு வீடியோவையும் சின்ன ஜெபத்தோடுதான் தொடங்குவேன். எந்தக் குறையையும் மறைக்காத மனிதர் என்று பார்ப்பவர்கள் எழுதுவார்கள். அது உண்மை.

இரும்புலியூரில் அந்த வீட்டின் மாடியில் குடியிருந்தேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் ஆள் சேர்ந்தால் தூசியும் சேரும். கீழே ஒரு குறுகிய நடை. அதன் ஒரு பக்கம் என் பொம்மை அறை, எதிர்ப்பக்கம் ஜெபின் குடும்பம். நடையின் கோடியில் மாடிப்படி.

ஜெபின் நல்லவன். குறை சொல்ல வேண்டுமென்றால், அளவுக்கு மேல் உதவுகிறவன். யார் வீட்டு கேஸ் சிலிண்டரையும் தூக்கிக் கொடுப்பான். மழைக்காலம் தொடங்கியதும் எங்கள் தெருவுக்குள் வர மாட்டேன் என்று கூரியர்க்காரர் சொல்லிவிட்டார். என் பார்சலை வாங்கிவர ஜெபின்தான் பைக்கில் போனான். வருகிற வழியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி சறுக்கியது. கையை ஊன்றியிருந்தால் கால் தப்பித்திருக்கும் என்றார் டாக்டர். அவன் இரண்டு கையாலும் பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், "அண்ணா, பெட்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றான்.

"ஒரு மூலைகூட நசுங்கலப்பா."

"அப்ப சரிண்ணா."

"உங்க காலைத்தான் நசுக்கிட்டு வந்துட்டீங்களே, அதுக்கும் அண்ணன் மார்க் போடுவாரு," என்றாள் அவன் மனைவி யூனிஸ். அவள் பள்ளிக்கூட டீச்சர். நாக்கு கொஞ்சம் நீளம்.

அந்தப் பெட்டிக்கு அப்போதே மனதுக்குள் பத்துக்குப் பத்து கொடுத்தேன். உள்ளே இருந்தது கடலில் மூழ்குகிறவர்களைக் காப்பாற்றும் வீரன். வெளிநாட்டுப் பெயர் வாயில் நுழையாது என்பதால் என் சேனலில் அவனை ஆழிக்காவலன் என்பேன்.

தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. அந்த நிலைமையில் டிசம்பர் வந்தது. யூனிஸின் தங்கைக்கு நாகர்கோவிலில் கல்யாணம். போகமாட்டேன் என்றவளை ஜெபின்தான் கெஞ்சி அனுப்பினான். அவள் பிளஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறிவந்து, "நீங்க இருக்கீங்கன்ற தைரியத்துலதாண்ணா போறேன்," என்றாள். நான் தலையசைத்தேன். அவனுக்கு வேளாவேளைக்குக் காபி கொடுத்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, விவரத்துக்காகச் சொல்கிறேன்.

பிறகு புயல். இரண்டு நாள் மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர். தெருக்காரர்கள் சர்ச் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். "நாமளும் போயிடலாமாண்ணா?" என்று ஜெபின் கேட்டான். மாடி இருக்கும்போது எதற்கு என்றேன். பெட்டிகளை விட்டுவிட்டு எப்படிப் போவது?

மறுநாள் காலை நடைக்குள் தண்ணீர் வந்தது. பொம்மை அறையில் கீழ்த்தட்டு வரிசை எல்லாம் பிரிக்காதவை. உடனே மாடிக்கு ஏற்றத் தொடங்கினேன். நிதானமாகத்தான் யோசித்தேன், சார். ஜெபினையும் ஏற்ற வேண்டும், பெட்டிகளையும் ஏற்ற வேண்டும். எது முதலில்? மனிதன் நனைந்தால் துவட்டிவிடலாம். அட்டை நனைந்தால் நனைந்ததுதான். எங்கள் கம்பெனியிலும் எது சீக்கிரம் கெடுமோ அதைத்தான் முதலில் நகர்த்துவோம். இதில் யாரும் தப்புச் சொல்ல முடியாது.

சில நடை போய்வந்திருப்பேன். ஜெபின் தானாகவே தவழ்ந்து வெளியே வந்து, இரண்டாம் படியில் உட்கார்ந்திருந்தான். மாவுக்கட்டுக் கால் படியை அடைத்துக்கொண்டு நீட்டிக்கிடந்தது. நெஞ்சுயரப் பெட்டியை வைத்துக்கொண்டு அதை எப்படித் தாண்டுவது?

"தம்பி, நீ இங்க இருந்தா ரெண்டு பேரும் விழுவோம். உள்ள போய்ப் படு. கடைசிப் பெட்டியை ஏத்திட்டு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன். இது என் வாக்கு."

"சரிண்ணா," என்றான். அவனைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்கவைத்தேன். தலையணையைக்கூடச் சரிசெய்தேன்.

கொஞ்ச நேரத்தில் மூன்று பையன்கள் லாரி ட்யூப்பைக் கட்டிய பலகையைத் தள்ளிக்கொண்டு தெருவில் வந்தார்கள்.

"அண்ணா, உள்ள யார்னா கீறாங்களா?"

நான் கேட் அருகில் நின்றேன். அவர்களைப் பார்த்தேன்; இடுப்புவரை சேறு. அந்தப் பலகையை நடைக்குள் கொண்டுவந்தால் சுவரோரம் மேசைமேல் அடுக்கிவைத்திருந்த பெட்டிகள் எல்லாம் ஈரமாகும். ஜெபினுக்கும் மாவுக்கட்டு நனையும். எல்லாவற்றையும் எடைபோட்டுத்தான் சொன்னேன்.

"யாரும் இல்லப்பா. எல்லாரும் மண்டபத்துக்குப் போயிட்டாங்க. இந்தப் பெட்டிங்களை மட்டும் மேல ஏத்தக் கொஞ்சம் கை குடுக்கறீங்களா?"

ஒருவன் எட்டிப் பார்த்தான். "இன்னா நைனா, பொம்மையா? மனுசங்களத் தூக்கவே ஆள் பத்தாம பேஜாரா கீது. நீ வேற." மற்ற இருவரும் சிரித்தார்கள். பலகையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். உதவி கேட்டால் இப்படிச் சிரிக்கிறார்களே என்று வருத்தமாக இருந்தது.

ஜெபினுக்கு அது கேட்டிருக்கும். "யாரோ வந்தாங்களாண்ணா?" என்று உள்ளிருந்து கேட்டான்.

"பக்கத்துத் தெருவுக்குப் போறாங்க தம்பி."

"தண்ணி கட்டில் சட்டத்துக்கு வந்துடுச்சு. நீங்க முடிங்க, பரவால்ல. பாத்துண்ணா, படி வழுக்கும்."

கடைசியாக அவன் எனக்குச் சொன்ன நல்ல வார்த்தை அது. கவனமாகவே ஏறினேன். ஒருமுறைகூட வழுக்கவில்லை.

ஏரிக்கரை உடைந்தது அதற்குப் பிறகு என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், நடையில் தண்ணீர் திடீரென்று என் மார்புக்கு வந்தது. ஆழிக்காவலன் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தேன். எதிர்க்கதவில் தட்டும் சத்தம் கேட்டது.

"அண்ணா, கதவு வரமாட்டேங்குது."

"தண்ணி அழுத்தும் தம்பி. இதோ வந்துட்டேன்," என்றேன். உண்மையாகவே வருவதாகத்தான் இருந்தேன். ஆனால் கையில் இருந்ததை வைக்க ஈரமில்லாத இடம் வேண்டுமே. மாடிக்குப் போய், கட்டில்மேல் துண்டு விரித்து, பெட்டியின் அடியை ஒற்றியெடுத்தேன். ஒரு மூலையில் மட்டும் லேசான ஈரம். அதைக் காயவைக்கப் பக்குவம் வேண்டும், அவசரப்பட்டால் அச்சு கலையும். அது முடிந்து திரும்பிப் பார்த்தபோது கீழ்ப்படிகள் தெரியவில்லை. சத்தமும் இல்லை. நான் மண்டியிட்டு ஜெபித்தேன். முதலில் ஜெபினுக்காகத்தான் ஜெபித்தேன்.

மரக்கதவு தண்ணீரில் ஊதி இறுகிவிட்டது என்று பிறகு தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அவர்களாகச் சொன்னார்கள், துக்க வீட்டில் எதிர்த்துப் பேசுவது நாகரிகம் இல்லை. யூனிஸ் வந்தாள். அழுது முடித்த கண்ணோடு ஒரு தட்டில் இட்லி வைத்து மாடிக்குக் கொண்டுவந்தாள். "நீங்களும் ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடலன்னு சொன்னாங்க. உங்களால முடிஞ்சதை நீங்க செஞ்சீங்கண்ணா," என்றாள். நான்கு இட்லியும் சாப்பிட்டேன். கொடுத்த மனதை நோகடிக்கக் கூடாது அல்லவா?

அந்த மாதமே ஆழிக்காவலனை ரிவ்யூ செய்தேன். ஜெபினின் நினைவுக்குக் காணிக்கை என்று தொடக்கத்தில் சொன்னேன். பெரிய மனசு அண்ணா உங்களுக்கு என்று நிறையப் பேர் எழுதினார்கள். பெட்டிக்கு மதிப்பெண் ஒன்று குறைத்தேன், அந்த ஈர மூலைக்காக. நட்புக்காகக்கூட நான் மதிப்பெண்ணைக் கூட்டுவதில்லை.

இப்போது யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குறையை மறைப்பது என் வழக்கமில்லை.

அவனைப் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்தபோது, மறுபடியும் தவழ்ந்து படிக்கு வந்துவிடுவானோ என்று தோன்றியது. அந்தக் காலோடு விழுந்தால் அவனுக்குத்தான் ஆபத்து. அதனால் கதவைச் சாத்தி வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். அவன் நன்மைக்காகத்தான். தட்டியபோது அது போட்டிருப்பது எனக்கு ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

வாக்கும் ஒரு கடன்தான், சார். கடைசிப் பெட்டி முடிந்ததும் வருகிறேன் என்று அவனுக்குச் சொல்லியிருந்தேன். மறுநாள் தண்ணீர் வடிந்தது. தெருவுக்குள் இன்னும் ஒருவரும் திரும்பவில்லை. சேற்றில் இறங்கிப் போய், "ஜெபின், வந்துட்டேன்பா," என்று சொல்லி, தாழ்ப்பாளை மெதுவாக நீக்கிவிட்டேன். பார்க்க யாரும் இல்லை. பார்க்க ஆளில்லாத இடத்திலும் கொடுத்த வாக்கை நிறைவேற்றுகிறவன் நான் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.