யார் காலை யார் கழுவறது

செருப்ப அங்கயே வுட்டுடுங்க சார். பூவு, பன்னீரு, எதுக்கு இவ்ளோ ஜாஸ்தி வாங்கினு வந்தீங்க? மாஸ்டர் இன்னும் எழுந்துக்கல. தியானமா? அட போங்க சார், கொறட்ட சத்தம் கேக்கல உங்களுக்கு?

நானா? ஆதிலட்சுமி. பெருக்கி, தொடச்சி, ஆக்கிப் போடறவ. யாரு கேட்டாலும் வேலைக்காரின்னுதான் சொல்லுவாரு. உங்ககிட்டயும் சொல்லியிருப்பாரே? கீழ்பென்னாத்தூர்ல ரீசார்ஜ் கடை வெச்சு ஈ ஓட்டினு இருந்த சுரேஷ்குமாருதான் சார் உங்க மாஸ்டரு. கடைய மூடிட்டு, ஆசிரமமா இருக்கற இந்த செங்கம் ரோட்டுக்கு வந்து, தாடி வுட்டுக்கினு கம்முனு உக்காந்தாரு. பேசறதுக்கு ஒண்ணும் இல்லாதவரு வாய மூடினா, அதுக்கு மவுனம்னு பேரு வெச்சிட்டாங்க வெள்ளக்காரங்க.

பாத பூஜைக்கா வந்தீங்க? போன மாசம் நடந்த கூத்த கேளுங்க. கிரேக்க நாட்டுலருந்து எலேனின்னு ஒரு அம்மா, வருஷா வருஷம் இந்த ஊருக்கு வந்து தமிழ் ஓரளவு பேசும், பாத பூஜைக்கு வந்தது அதான் மொத தடவ. மாஸ்டர் கால் வெக்கிற தாம்பாளத்துல அது போயி தன் கால நீட்டி உக்காந்துச்சு. இவருக்கு மூஞ்சி செவந்துபோச்சு. மவுனமெல்லாம் பறந்துபோயி, எவ இவங்கள அங்க உக்கார வெச்சதுன்னு என் மேல பாயறாரு.

அந்தம்மா மேல தப்பு இல்ல சார். மாஸ்டர்தான் நம்ம கால கழுவுவாருன்னு நெனச்சுக்கிச்சு. அவங்க ஊரு சர்ச்சுல பெரிய பாதிரியாரே கழுவுவாராம். அப்புறம் சமையக்கட்டுக்கு வந்து சொல்லுச்சு. அவங்க பைபிள்ல ஏசுவ கீரியோஸ்னு கூப்புடறாங்க, எஜமான், அதான் மாஸ்டர்னு அர்த்தமாம். அந்தக் காலத்து அடிமைங்க, தன்ன வாங்கினவனயும் அப்படித்தான் கூப்புடுவாங்களாம். அப்பேர்ப்பட்ட பேரு வெச்சுக்கினு அவரு இடுப்புல துண்டு கட்டி, சிஷ்யனுங்க கால கழுவி வுட்டாராம். இவரு குடிச்ச டம்ளர கூட கழுவமாட்டாரு. மாஸ்டராம், தூ!

எனக்கு இன்னாத்துக்கு இவ்ளோ கோவமா? காரணம் இருக்கு சார்.

தோ, கதவு தொறக்கறாரு, போங்க. கால கழுவறப்ப, வெளிய பெருக்கறது யாருன்னு கேளுங்க. இன்னிக்கும் வேலைக்காரின்னாருன்னா என்னாண்ட வந்து சொல்லுங்க. அந்தத் தாம்பாளத்துலயே கழட்டி வெச்சிட்டுப் போயிடறேன், இந்தத் தாலிய. பிரம்மச்சாரின்னு வாசல்ல போர்டு மாட்டினதுலருந்து ரவிக்கைக்குள்ள தள்ளிக்கினுதான் பெருக்கறேன். அவரு கட்டினதுதான் சார்.