பதினொரு கணினிகளும் என் நீல நோட்டும்

காலையில் மருந்துக்கடையையும் மாலையில் இந்தப் படிப்பகத்தையும் ஒரே சாவிக்கொத்தால் திறந்து, இரண்டு இடத்திலும் வருகிறவர்களின் குறை கேட்கும் எங்கள் தலைவர் அம்மா அவர்களே! குப்பைக்குப் போகவிருந்த பதினொரு கணினிகளைக் கழற்றிப் பார்த்து, குறை கண்டு, குணமாக்கிக் கொடுத்த திருப்புளி அக்கா அவர்களே! முன்வரிசை நாற்காலிகளில் முதுகு வலிக்க அமர்ந்திருக்கும் மூத்தவர்களே! அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்தோமா என்ற கவலையைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து வந்திருக்கும் தாய்மார்களே! வேலை முடிந்த களைப்போடு நேராக வந்து, உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் தோழர்களே, தோழியரே! உங்கள் அனைவருக்கும் இந்த எளியவனின் வணக்கம்.

என்ன? கேட்கவில்லையா? மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார் முடிதிருத்தும் தம்பி. வைத்துவிட்டேன். இப்போது? கேட்கிறதாம். சரி, இனி எனக்கும் தப்பிக்க வழியில்லை, உங்களுக்கும் இல்லை.

கணினிகள் குணமாகி ஓராண்டு நிறைகிறது, நீங்கள்தான் பேச வேண்டும் என்று தலைவர் அம்மா சொன்னபோது நான் மறுத்தேன். "எனக்குக் கணினியப் பத்தி என்னம்மா தெரியும்?" என்றேன். அவர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, "தெரிஞ்சவங்க எல்லாரும் பேசியாச்சு ஐயா. தப்பு பண்ணவரு ஒருத்தராவது பேசட்டும்" என்றார்.

சிரியுங்கள், சிரியுங்கள். நானும் அன்று சிரித்தேன். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். ஆகவே, நான் செய்த தவற்றை முறைப்படி எழுதி எடுத்து வந்திருக்கிறேன். நான்கு தாள். என் மனைவி மூன்றாம் வரிசையில் இருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு தாளோடு நிறுத்த வேண்டுமாம். முயல்கிறேன்.

அன்பர்களே! சென்ற ஆண்டு இதே மாதம், நம் கணினிகள் பதினொன்றின் திரையிலும் ஒரே வாரத்தில் ஒரே செய்தி வந்தது. "இந்தக் கணினி பழையதாகிவிட்டது. இதற்கு இனிப் பாதுகாப்பு இல்லை. புதியது வாங்கவும்." பணி ஓய்வு பெற்று, மாலையில் இந்தப் படிப்பக மேசையைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு அதைப் படித்தபோது, யாரையோ சொல்வதுபோல் என்னையே சொல்லிவிட்டார்கள் என்றுதான் பட்டது. விசைப்பலகை வேலை செய்தது. திரை வேலை செய்தது. வாசகர்கள் வந்தார்கள். ஆனாலும் பழசாம், பயனில்லையாம், பரணில் போட வேண்டுமாம்!

தெருமுனையில் கைப்பேசி பழுதுபார்க்கும் திருப்புளி அக்காவை அழைத்து வந்தோம். ஒரு கணினியின் மூடியைத் திறந்து, தூசியை ஊதினார்.

"மெஷினுக்கு ஒண்ணும் ஆகல ஐயா. மேல ஏத்தின பாரந்தான் ஜாஸ்தி. வேற ஓ.எஸ். போட்டா குதிரை மாதிரி ஓடும்."

"அதுக்கு என்ன கொடுக்கணும்?"

"ஒண்ணும் வேணாம். சும்மாதான்."

"சும்மாவா? சும்மா தர்றவன் உள்ள எதையாவது ஒளிச்சு வெச்சிருப்பானே!"

"ஒளிக்கவே முடியாது. உள்ள என்ன எழுதியிருக்குன்னு யாரு வேணும்னாலும் பிரிச்சுப் படிக்கலாம்."

"அப்போ திருடனும் படிப்பானே அம்மா?"

"படிப்பான். அவன் படிக்கறதுக்குள்ள ஆயிரம் பேரு படிச்சு ஓட்டைய அடைச்சிருப்பாங்க. நீங்க தள்ளி உக்காருங்க ஐயா, வெளிச்சத்த மறைக்கிறீங்க."

தள்ளி உட்கார்ந்தேன். மூன்று நாளில் பதினொன்றும் எழுந்தன. ஓடின. புதியது வாங்கச் சொன்ன திரைகளிலேயே பிள்ளைகள் பாடம் படித்தார்கள், பெரியவர்கள் விண்ணப்பம் எழுதினார்கள். பெருமைப்பட வேண்டாமா நாம்? கைதட்டுவதாக இருந்தால் எனக்கு வேண்டாம், அக்காவுக்குத் தட்டுங்கள்.

நன்றி. இனித்தான் என் கதை.

புதிய இயங்குதளத்தில் அக்கா ஓர் ஏற்பாடு செய்திருந்தார். வாசகர் ஒருவர் வேலையை முடித்துவிட்டு எழுந்தால், அவர் எதைத் தேடினார், எதைப் படித்தார், எதை அச்செடுத்தார் என்பதையெல்லாம் கணினி மறந்துவிடும். அடுத்து வருபவருக்கு அது புத்தம் புதிதாக விழிக்கும். எல்லாரும் மகிழ்ந்தார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் உறுத்தியது. முப்பத்து நான்கு ஆண்டுகள் பதிவறை எழுத்தராக இருந்தவன் நான். ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போனால்கூட எழுதிவைத்தவன். ஒரு சுவடும் இல்லாமல் ஒரு நாள் முடிவதா? நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வது?

ஆகவே ஒரு நீல அட்டை நோட்டு வாங்கினேன். மின்விசிறியைக் குறைப்பது போலவும் கூட்டுவது போலவும் ஒரு சுற்று வருவேன். திரைகளை ஒரு பார்வை பார்ப்பேன். திரும்பி வந்து எழுதுவேன். பெயர், கணினி எண், வந்த நேரம், போன நேரம், பார்த்த பொருள். வாசகர்கள் அதை வருகைப் பதிவு என்று நினைத்தார்கள். நானும் அதை ஒழுங்கு என்றுதான் நினைத்தேன். கணினி மறந்ததையெல்லாம் உட்கார்ந்து நினைவு வைத்தவன் நான்தான் அன்பர்களே! இயந்திரத்தில் எதை ஒளித்திருப்பார்களோ என்று சந்தேகப்பட்ட அதே ஆள்!

மூன்று மாதம் போனது. ஒரு சனிக்கிழமை மாலை, சட்டை தைக்கும் நிறுவனம் ஒன்றின் மேற்பார்வையாளர் உள்ளே வந்தார். மரியாதையானவர். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மேசையில் விரித்தார். ஒருவரை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம், அதற்கு மேல் வாங்கினால் என்ன ஆகும் என்று சட்டம் சொல்லும் பக்கம் அது.

"கம்பெனியில கை கழுவற எடத்துல யாரோ ஒட்டியிருக்காங்க சார். எட்டு மணி வரைக்கும் நிக்க மாட்டோம்னு பொம்பளைங்க எல்லாம் ஒரே பேச்சு."

"இது இங்க எடுத்ததுன்னு எப்படிச் சொல்றீங்க?"

அவர் தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் நம் படிப்பகத்தின் பழைய அறிவிப்பு. காகிதம் வீணாகக்கூடாது என்று ஒரு பக்கம் அச்சான தாள்களில்தான் நாம் அச்செடுக்கிறோம். அந்தச் சிக்கன யோசனையும் என்னுடையதே! முன்பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், அச்சான தேதி. வியாழக்கிழமை, இரவு எட்டு மணி முப்பத்திரண்டு நிமிடம்.

"யார் வந்தாங்க, போனாங்கன்னு நீங்க ரொம்ப ஒழுங்கா எழுதுவீங்கன்னு சொன்னாங்க சார். அந்தப் பக்கத்த ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்."

நோட்டு அவர் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதில் என் கையெழுத்தில், என் அழகான கையெழுத்தில், எழுதியிருந்தது. "கணினி நான்கு. வேலை நேரச் சட்டம். அச்சு ஒரு பக்கம், எட்டு முப்பத்திரண்டு." பக்கத்தில், அந்த நிறுவனத்தில் தைக்கும் ஒரு பெண்ணின் பெயர்.

துணிச்சலாக ஏதாவது சொன்னேன் என்று எதிர்பார்க்கிறீர்களா? இல்லை. "தலைவர் அனுமதி இல்லாம காட்ட முடியாதுங்க. திங்கக்கிழமை வாங்க" என்றேன். பயந்தவனுக்கு விதிமுறையைவிட நல்ல மறைவிடம் கிடையாது. அவர் போனதும் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினேன்.

தலைவர் அம்மா நோட்டைப் புரட்டினார். முகம் மாறியது.

"இத யாருக்காக ஐயா எழுதுனீங்க?"

"ஒழுங்குக்காகம்மா."

"உங்களுக்கு என்னென்ன வியாதின்னு கேட்டு ஒருத்தர் என் கடைக்கு வந்தா, சீட்ட எடுத்துக் காட்டவா?"

"ஐயோ, வேணாம்மா."

"அப்போ இது மட்டும் என்ன?"

"கேட்டு வந்த பிறகு அழிச்சா அது தப்பில்லையாம்மா?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு முறைதான் பெரிதாக இருந்தது!

"வந்தவரு போலீஸா? கோர்ட்டா? ஒரு கம்பெனி ஆளு. இந்த நோட்டு உங்களுதும் இல்ல, என்னுதும் இல்ல. இதுல பேரு இருக்கறவங்களோடது. அவங்ககிட்டயே குடுத்துடுங்க."

ஞாயிறு காலை, நாங்கள் சொல்லியனுப்பி, அந்தப் பெண் மருந்துக்கடைக்கு வந்தார். உட்காரும் முன்பே உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. நோட்டைக் கேட்டார். தன் பெயர் இருந்த வரிகளை மட்டும் விரல்வைத்துப் படித்தார். கழுத்து வீக்கம் பற்றி இரண்டு நாள். தனியாகத் தங்கும் பெண்களுக்கு வாடகை வீடு, மூன்று நாள். வேலை நேரச் சட்டம், ஒரு நாள்.

"எங்க அம்மாவுக்கே தெரியாததெல்லாம் இதுல இருக்கு ஐயா" என்றார். பிறகு, "வேலை போச்சுன்னா எங்க வீட்டுல அடுப்பு எரியாது. அது உங்களுக்குத் தெரியுமா? அத எழுதலயே நீங்க?" என்றார்.



அன்று மாலை வாசகர்கள் அனைவரையும் அழைத்தோம். யாரைத் தேடுகிறார்கள் என்று சொல்லவில்லை. எழுதியது என் தவறு என்பதை மட்டும் சொன்னேன். கத்தரிக்கோலை எடுத்து, வரிவரியாக வெட்டி, அவரவர் வரியை அவரவர் கையில் கொடுத்தோம். நீங்களும் வரிசையில் நின்றீர்கள், நினைவிருக்கிறதா? அப்போது முடிதிருத்தும் தம்பி தன் வரியைத் தானே உரக்கப் படித்தார். "கணினி ஏழு. வழுக்கையில் முடி வளர எண்ணெய்." ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவர்! கூடமே குலுங்கியது. "சிரிங்க, சிரிங்க. நானா சொன்னா சிரிப்பு. ஐயா சொல்லியிருந்தா என் கடைக்கு ஒருத்தன் வந்திருப்பானா?" என்றார் அவர். முப்பத்து நான்கு ஆண்டு உத்தியோகத்தில் நான் கற்காததை அந்த ஒரு பேச்சு எனக்குக் கற்றுக்கொடுத்தது.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் வந்தார்.

"நோட்டு எங்க சார்?"

"இல்லைங்க."

"சனிக்கிழமை இருந்துச்சே?"

"இருந்துச்சு. வாசகர்களோட நோட்டு, அவங்களே வாங்கிக்கிட்டாங்க."

"பரவால்ல. கம்ப்யூட்டர்லயே பாத்துக்கறேன்" என்று நான்காம் கணினியில் உட்கார்ந்தார். தேடினார். திறந்தார். மூடினார். அடுத்த கணினிக்குப் போனார். அதற்கும் அடுத்ததற்குப் போனார். பதினொரு திரையிலும் ஒரு சொல் இல்லை, ஒரு சுவடு இல்லை. அந்தப் பதினொன்றும் அன்று காட்டிய கண்ணியம், அவற்றைக் காவல்காத்த எனக்கு மூன்று மாதம் இல்லாமல் போயிற்றே!

"இதெல்லாம் ஒரு கம்ப்யூட்டரா? ஒண்ணுமே இருக்காதா?" என்றார் எழுந்து.

"இருக்காதுங்க. அப்படித்தான் வெச்சிருக்கோம்" என்றேன். பயம் போகவில்லை. ஆனாலும் சொன்னேன் ஐயா, சொன்னேன்! பொய் சொல்லாமல் "இல்லை" என்று சொல்ல முடிந்த அந்த நிமிடம்தான் என் வாழ்நாளில் நான் நிமிர்ந்து நின்ற நிமிடம்!

பெரியோர்களே! "நான் எந்தத் தப்பும் செய்யவில்லை, எனக்கு எதற்கு ரகசியம்?" என்று சொல்பவர்கள் நம்மில் பலர். நானும் சொன்னவன்தான். கேட்கிறேன், அந்தப் பெண் செய்த தப்பு என்ன? அவர் படித்தது சூதா? அவர் படித்தது சதியா? அவர் படித்தது சட்டம்! இந்த நாட்டின் சட்டத்தை ஒரு குடிமகள் படித்தாள் என்பதே ஒருவர் கையில் ஆயுதமாகும் என்றால், யாருடைய படிப்பு ஆபத்தில்லாத படிப்பு?

என் மருமகன் எங்கள் வீட்டுக்கு ஒரு பேசும் பெட்டி வாங்கித் தந்தார். பாட்டுப் போடு என்றால் போடும், மணி கேட்டால் சொல்லும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் என் மனைவி அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருக்கிறார். ஏன் என்றேன். "நான் முணுமுணுக்கறத முப்பது வருஷமா நீங்களே கேட்டதில்ல. அது மட்டும் எதுக்குக் கேக்குது?" என்றார். துண்டு போதாது, மின்கம்பியையே பிடுங்க வேண்டும் என்று திருப்புளி அக்கா பிறகு சொல்லிக்கொடுத்தார். பிடுங்கிவிட்டோம். மருமகன் வரும்போது மட்டும் மரியாதைக்காகச் செருகுவோம்.

கருவிகளை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கைப்பேசி வேண்டும், கணினி வேண்டும், வாசலில் கேமரா வேண்டுமென்றால் அதுவும் இருக்கட்டும். ஆனால் வாங்கும்போது நிறம் கேட்கிறோமே, நினைவு எவ்வளவு என்று கேட்கிறோமே, "எதையெல்லாம் மறப்பாய்?" என்று ஒரு வார்த்தை கேட்கிறோமா? யாருக்காக எழுதிவைக்கிறாய் என்று கேட்கிறோமா? கெட்டவன் எழுதினால்தான் கெடுதி என்று எண்ணாதீர்கள். நான் கெட்டவனா? ஒழுங்காக எழுதினேன், ஒரு வீட்டு அடுப்பையே அணைக்கப் பார்த்தேன். எழுதாத வரியை எவரும் கேட்க முடியாது! சேர்க்காத செய்தியை எவரும் பறிக்க முடியாது! அதைச் செய்து காட்டியது எந்தப் பெரிய நிறுவனம்? எந்தப் பெரிய மாளிகை? நம் தெரு! நம் படிப்பகம்! பழசு என்று தள்ளப்பட்ட நம் பதினொரு கணினிகள்!

அந்தத் தாளை நிறுவனத்தில் கிழித்துப் போட்டார்கள். மறுநாள் அதே சுவரில் வேறொரு தாள் வந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதில் எனக்கு எவ்வளவு நிம்மதி! சென்ற மாதத்திலிருந்து அந்த நிறுவனத்தின் வாசல் மாலை ஆறு மணிக்கே திறந்து பெண்களை வீட்டுக்கு அனுப்புகிறது.

என்ன? யாரது பின்னாலிருந்து? "யாரு ஐயா அந்தப் பொண்ணு, இங்க வந்திருக்கா?" என்று கேட்கிறார் ஒருவர். திரும்பிப் பார்க்காதீர்கள். யாரும் யாரையும் பார்க்காதீர்கள். இங்கே பேச ஒப்புக்கொள்வதற்கு முன் அவரிடம் அனுமதி கேட்டேன். "கதையச் சொல்லுங்க ஐயா. என்னைச் சொல்லாதீங்க" என்றார். ஆகவே, நான் சொன்ன கிழமை அந்தக் கிழமை அல்ல. நான் சொன்ன கணினி அந்தக் கணினி அல்ல. அவர் தேடியவற்றையும் மாற்றியிருக்கிறேன். தைத்தது சட்டைதானா என்பதும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு தேதியைக்கூடப் பிழையாக எழுதாதவன், இந்த நான்கு தாளிலும் தெரிந்தே பிழையாக எழுதியிருக்கிறேன். வாழ்க்கையில் நான் எழுதியவற்றுள் நான் பெருமைப்படும் பதிவு இது ஒன்றுதான்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், என்னைத் திருத்திய தலைவர் அம்மாவுக்கும், திருப்புளி அக்காவுக்கும், இங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பெண்ணுக்கும் என் நன்றி. படிப்பகம் நாளையும் திறந்திருக்கும். வாருங்கள், உட்காருங்கள், எதை வேண்டுமானாலும் படியுங்கள்.

வணக்கம்.